குறைந்த செலவில் எடுத்த முதல் குறும்படத்துக்குக் கருத்துக் கேட்பது எப்படி?

குறும்படம் எடுத்து முடித்த ஒருவர் தன் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பை அனுப்பிவிட்டு "பார்த்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று எழுதினால், அடுத்த ஒரு மணி நேரத்தில் அவருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கைதட்டல் குறிகளும், "செம மச்சி", "வாழ்த்துகள் தம்பி" போன்ற சொற்களும்தான். அப்படி எழுதியவர்களில் பலர் படத்தைக் கடைசி வரை பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தவர்களும் நம் மனம் நோகக் கூடாது என்று நினைத்து எழுதியிருப்பார்கள். அந்த அன்பை நான் குறைவாக மதிப்பிடவில்லை. ஆனால் நான்காம் நிமிடத்தில் கதை கைநழுவிவிட்டது என்ற செய்தி அந்தச் சொற்களுக்குள் இல்லை. அந்தச் செய்தியைப் பெறும் வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு செல்பேசி, சில நண்பர்களின் உழைப்பு, பத்து இருபதாயிரம் ரூபாய் ஆகியவற்றை வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடப் படம் எடுப்பவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது இது.

விளக்குவதற்கு என் முதல் படத்தையே எடுத்துக்கொள்கிறேன். அது 12 நிமிடப் படம். தீபாவளிக்கு முந்தைய இரவு ஒரு தையற்கடையில் வேலை செய்யும் இளைஞர் விடிய விடியத் தைக்கிறார். வாடிக்கையாளர்களின் துணிகள் எல்லாம் போன பின், ஒரு சிறுவனின் சட்டை மட்டும் மேசையில் மிஞ்சுகிறது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறார். கதை அவ்வளவுதான். அந்தச் சட்டை இந்தக் கட்டுரையில் மீண்டும் வரும்.

படப்பிடிப்புக்கு முன்பே தொடங்குங்கள்

கருத்துக் கேட்பதற்கு மிக மலிவான கட்டம் எழுத்துக் கட்டம். படம் பிடித்த பின் ஒரு காட்சியை மாற்ற வேண்டுமென்றால் நடிகர், இடம், வெளிச்சம், சாப்பாடு என எல்லாவற்றையும் மறுபடியும் திரட்ட வேண்டும். தாளில் மாற்றுவதற்குப் பேனா போதும். நம் ஊரில் திரைக்கதையைப் படிக்கக் கொடுப்பதைவிடக் கதையை வாயால் சொல்வதே வழக்கமாக இருக்கிறது. அதில் ஓர் ஆபத்து உண்டு. கதை சொல்லும்போது நம் குரல் ஏறி இறங்குகிறது, கைகள் பேசுகின்றன, "இப்ப அவன் மனசுக்குள்ள என்ன நினைக்கிறான்னா" என்று நாமே இடையில் புகுந்து விளக்கம் தருகிறோம். இவற்றில் எதுவும் திரையில் வரப்போவதில்லை. ஆகவே திரையில் தெரிவதையும் காதில் விழுவதையும் மட்டும் சொல்லி, அதையே கதையாகக் கேட்கச் செய்யுங்கள். இரண்டு நாள் கழித்து, கேட்டவரையே அந்தக் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் விட்டுவிடும் இடமும், அவராகவே சேர்த்துக்கொள்ளும் இடமும் உங்கள் எழுத்தில் எங்கே பிடி தளர்ந்திருக்கிறது என்பதைக் காட்டும்.

எந்த நிலையில் இருக்கும் படத்தைக் காட்டுவது

ரஃப் கட், அதாவது காட்சிகளை வரிசையாகக் கோத்த முதல் கட்டத் தொகுப்பு, முடிந்தவுடன், படம் இன்னும் மாறக்கூடியது என்று உங்கள் மனம் உண்மையாகவே ஒப்புக்கொள்ளும் நிலையில் காட்டுங்கள். வண்ணம் சேர்த்து, இசை சேர்த்து, டைட்டில் போட்டு, போஸ்டரும் அடித்த பிறகு கேட்கப்படும் கருத்து வெறும் சடங்கு. பார்ப்பவருக்கும் அது புரிந்துவிடுகிறது. இனிச் சொல்லி என்ன பயன் என்று அவர் நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அதற்காக மிகவும் கச்சாவாகவும் காட்டக் கூடாது. உரையாடல் கேட்கவில்லையென்றால் பார்வையாளர் அதைத் தவிர வேறெதையும் பேச மாட்டார், உங்கள் கதையைப் பற்றி ஒரு சொல்லும் கிடைக்காது. குறைந்த செலவுப் படங்களில் படம் சுமாராக இருந்தாலும் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். ஒலி சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வதில்லை. ஆகவே காட்டுவதற்கு முன், தொகுப்பு மென்பொருளின் ஒலி அளவுகோலில் உரையாடலின் உச்ச அளவு மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபல் வரைக்குள் இருக்குமாறு சரிசெய்யுங்கள். மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றின் இரைச்சலை முடிந்த அளவு குறையுங்கள். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் இடையில் பின்னணி ஓசை திடீரென்று அறுந்து போகாமல், யாரும் பேசாதபோது அந்த அறையில் பதிவான வெற்று ஓசையைப் பரப்பி நிரப்புங்கள். இன்னும் எடுக்கப்படாத ஷாட் இருந்தால் அந்த இடத்தில் கறுப்புத் திரையில் "இங்கே அவர் கதவைத் திறக்கிறார்" என்று எழுதிவிட்டால் போதும்.

தற்காலிக இசை விஷயத்தில் கவனமாக இருங்கள். புகழ்பெற்ற திரைப்படம் ஒன்றின் பின்னணி இசையை ரஃப் கட்டில் ஒட்டிக் காட்டினால், பார்ப்பவர் கலங்குவது அந்தப் பழைய படத்தின் நினைவுக்காக இருக்கலாம். உங்கள் காட்சிக்குக் கிடைத்த கண்ணீர் என்று நம்பிவிடுவீர்கள். பிறகு உங்கள் நண்பர் கீபோர்டில் போட்டுத் தந்த இசையை வைத்தவுடன் காட்சி சரிந்து விழும். பார்ப்பவர் முன்பு கேட்டிராத இசையை வையுங்கள், இல்லையென்றால் இசையே இல்லாமல் காட்டுங்கள்.

படத்தின் மேல் மூலையில் ஓடும் நேரமும், இது எத்தனையாவது தொகுப்பு என்ற எண்ணும் தெரியும்படி ஏற்றுமதி செய்யுங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே இதற்கான வசதி இருக்கிறது. "அந்த மழை சீனுக்கு அப்புறம் ஒரு இடத்துல" என்று தேடிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக "மூன்றாம் தொகுப்பு, 5 நிமிடம் 40 நொடி" என்று இருவரும் ஒரே இடத்தைச் சுட்டலாம்.

யாரிடம் காட்டுவது

ஒரு மனிதர் உங்கள் படத்தை முதல் முறையாக ஒரே ஒரு தடவைதான் பார்க்க முடியும். இரண்டாம் முறை பார்க்கும்போது அவருக்குக் கதை தெரியும். புரியாத இடத்தையும் நினைவிலிருந்து நிரப்பிக்கொள்வார். எனவே கதை தெரியாத பார்வையாளர்தான் உங்களிடம் உள்ள மிக அரிய பொருள். அதை ஒரே நாளில் செலவழித்துவிடாதீர்கள். உங்களுக்குப் பதினைந்து பேர் கிடைப்பார்கள் என்றால், ஒவ்வொரு தொகுப்புக்கும் ஐந்து பேராக மூன்று முறைக்குப் பிரித்து வையுங்கள். ஐந்து பேர் போதுமா என்று கேட்கலாம். ஐந்தில் மூன்று பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் அங்கே பள்ளம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்கு ஐம்பது பேர் தேவையில்லை.

உங்கள் குழுவில் வேலை செய்தவர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒளிப்பதிவாளர் அந்த ஷாட்டுக்காகப் பட்ட பாட்டைப் பார்க்கிறார், நடித்தவர் தன் முகத்தைப் பார்க்கிறார், நீங்கள் எழுதியதைப் பார்க்கிறீர்கள். வீட்டிலிருந்து ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். திரைமொழி எதுவும் அறியாத அத்தையோ சித்தப்பாவோ "இந்தப் பொண்ணு யாரு? முன்னாடி வந்த பொண்ணா?" என்று கேட்கும் கேள்வி, படித்தவர்கள் கௌரவம் கருதிக் கேட்காமல் விடும் கேள்வியாக இருக்கும்.

படம் யாருடைய வாழ்க்கையைப் பற்றியதோ அவர்களில் ஒருவருக்குக் கட்டாயம் காட்டுங்கள். என் படத்தை ஒரு தையற்காரருக்குக் காட்டியபோது, அவர் முதல் நிமிடத்திலேயே, "இந்தத் தம்பி பாபினை மாட்டாமலே தைக்கிறாரே" என்றார். பாபின் என்பது கீழ்நூல் சுற்றிய சிறு உருளை. நாங்கள் ஏழு பேர் ஒரு மாதம் பார்த்தும் அது எங்கள் கண்ணில் படவில்லை. இரண்டு ஷாட்டுகளை இடம் மாற்றி அந்தப் பிழையை மறைக்க முடிந்தது. இவர்களோடு தொழில் தெரிந்த ஒருவரும் வேண்டும். ஒரு படத்தொகுப்பாளரோ ஒலிக்கலைஞரோ கிடைத்தால் அவரை முதல் தொகுப்புக்கே அழைத்துவிடாமல், சாதாரணப் பார்வையாளர்களின் கருத்தை வைத்து ஒருமுறை திருத்திய பின் அழையுங்கள். அவருடைய நேரம் பெரியது. நீங்களே கண்டுபிடித்திருக்கக்கூடிய பிழைகளை அவரைக் கொண்டு கண்டுபிடிக்க வேண்டாம்.

தெரிந்தவர் யாரும் இல்லாத ஊரில் இருப்பவர்கள் திரைப்படச் சங்கங்களை நாடலாம். கோயம்புத்தூரின் கோணங்கள் போன்ற சங்கங்களும், மாவட்டங்களில் தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) கிளைகளும் திரையிடலோடு உரையாடலையும் நடத்திப் பழகியவை. ஆனால் உங்கள் பென்டிரைவோடு முதல் நாளே போய் நிற்காதீர்கள். சில மாதங்கள் பார்வையாளராகப் போங்கள், பிறர் படங்களைப் பாருங்கள், பேசுங்கள். பிறகு நீங்கள் கேட்கும்போது அங்கே இருப்பவர்கள் உங்களுக்காக ஒரு மாலையை ஒதுக்குவார்கள்.

எப்படிக் காட்டுவது

கூடுமானால் ஒரே அறையில், ஒரே நேரத்தில், பெரிய திரையில் காட்டுங்கள். நாங்கள் ஒரு டியூஷன் சென்டரின் மாடியை ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு இரவல் வாங்கினோம். ஒரு புரொஜெக்டர், ஒரு ஜோடி ஸ்பீக்கர், பன்னிரண்டு நாற்காலி. டீ, பிஸ்கட் உட்பட முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஆட்கள் வருவதற்கு முன் படத்தை முழுவதும் ஓடவிட்டு, பின் வரிசையில் உட்கார்ந்து ஒலி கேட்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

நேரில் கூட்ட முடியாதபோது இணைப்பு அனுப்பத்தான் வேண்டும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கித் தரத்தைக் கெடுத்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். யூடியூபில் ஏற்றுவதானால் பொதுவில் வைக்காமல், இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும் 'அன்லிஸ்டட்' அமைப்பில் வையுங்கள். அந்த இணைப்பைப் பெற்றவர் வேறொருவருக்கு அனுப்பினால் அவரும் பார்க்கலாம் என்பதை மறக்க வேண்டாம். பொதுவில் வைக்காமல் இருக்க இன்னொரு காரணமும் இருக்கிறது: இணையத்தில் ஏற்கெனவே பொதுவில் வெளியான படங்களை ஏற்காத திரைப்பட விழாக்கள் உண்டு. அவசரப்பட்டு வெளியிட்டுவிட்டுப் பின்னால் வருந்தியவர்களை எனக்குத் தெரியும். இணைப்பு அனுப்பும்போது, ஹெட்போனில் கேட்கவும், ஒரே மூச்சில் பார்க்கவும் வேண்டிக்கொள்ளுங்கள். பார்த்த அன்றே பத்து நிமிடம் தொலைபேசியில் பேச நேரம் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தில் வரும் பதிலைவிடக் குரலில் வரும் தயக்கம் அதிகம் சொல்லும்.

படம் தொடங்கும் முன் நீங்கள் பேச வேண்டியவை இரண்டு மட்டும்: படத்தின் நீளம், இது முடிந்த வடிவம் அல்ல என்ற தகவல். "பட்ஜெட் கம்மி, கேமரா வேற பழசு, ஹீரோ கடைசி நேரத்துல மாறிட்டார்" என்று தொடங்கினால் பார்வையாளர் இரக்கத்தோடு பார்க்கத் தொடங்குவார், உண்மை அதோடு போயிற்று. கதையின் கருவையும் சொல்லாதீர்கள். அது திரையிலிருந்து போய்ச் சேர்கிறதா என்பதைத்தானே சோதிக்கிறீர்கள்?

படம் ஓடும்போது

திரையைப் பார்க்காமல் ஆட்களைப் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு நாற்காலியில் அமர்ந்து, நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எப்போது சிரித்தார்கள், எப்போது முன்னால் சாய்ந்தார்கள், எப்போது தொண்டையைச் செருமினார்கள், எப்போது முதல் செல்பேசியின் வெளிச்சம் எழுந்தது. அந்த மாடியில் 5 நிமிடம் 40 நொடியில் அந்த வெளிச்சம் எழுந்தது. தையல் இயந்திரத்தின் மிதியில் அந்த இளைஞரின் கால் ஏறி இறங்குவதை 50 நொடிகள் வைத்திருந்தேன். ஜன்னல் வெளிச்சம் அந்தக் காலில் சரியாக விழுவதற்காக இரண்டு மணி நேரம் காத்திருந்து எடுத்த ஷாட் அது. ஆறாவது நொடியில் எல்லோரும் அதை ரசித்தார்கள், இருபதாவது நொடியில் ஒருவர் நாற்காலியில் அசைந்தார், முப்பத்தைந்தாவது நொடியில் இன்னொருவர் மடியில் நீல வெளிச்சம். பின்னர் கேட்டபோது அவர்களில் எவரும் அந்த ஷாட்டைக் குறையாகச் சொல்லவில்லை. "அந்தக் கால் ஷாட் அழகா இருந்துச்சு" என்றுதான் சொன்னார்கள். உடல் சொன்னதையே நான் எடுத்துக்கொண்டேன். அந்த ஷாட் இப்போது 18 நொடி.

என்ன கேட்பது

படம் முடிந்து விளக்கு எரிந்தவுடன் பேச்சைத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் பேசுபவரின் கருத்தை நோக்கி மற்றவர்கள் சாய்ந்துவிடுவார்கள், அதிலும் அவர் வயதிலோ பதவியிலோ மூத்தவராக இருந்தால் நம் கூட்டங்களில் மறுத்துப் பேச யாரும் துணிய மாட்டார்கள். ஆளுக்கு ஒரு தாளும் பேனாவும் கொடுத்து ஐந்து நிமிடம் அமைதியாக எழுதச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

"நல்லா இருக்கா?" என்ற கேள்வி அந்தத் தாளில் இருக்கக் கூடாது. விருப்பத்தைக் கேட்டால் மரியாதை பதிலாக வரும். பார்த்ததைக் கேட்டால் பார்த்தது வரும். நான் கேட்பவை இவை: கதையை மூன்று வரியில் சொல்லுங்கள். முக்கியப் பாத்திரத்துக்கு என்ன வேண்டியிருந்தது? எந்த இடத்தில் குழப்பம் வந்தது? எந்த இடத்தில் கவனம் வேறெங்கோ போனது? கண்ணை மூடினால் முதலில் நினைவுக்கு வரும் காட்சி எது? படத்தில் ஏதாவது ஒன்றை நம்ப முடியாமல் இருந்ததா? இவற்றோடு, உங்களுக்குச் சந்தேகம் இருக்கும் ஓர் இடத்தைப் பற்றி ஒரே ஒரு நேரடிக் கேள்வியையும் சேர்க்கலாம். ஆனால் அதைக் கடைசியில் வையுங்கள். முதலில் கேட்டால் அதற்குப் பின் அவர்கள் அந்த இடத்தை மட்டுமே யோசிப்பார்கள்.

பேச்சுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு, அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் வகுத்த முறை உதவும். முதலில் பார்வையாளர்கள் தங்களுக்குள் தங்கியதை மட்டும் சொல்கிறார்கள், அடுத்து படைத்தவர் கேள்வி கேட்கிறார், மூன்றாவதாகப் பார்வையாளர்கள் தீர்ப்பு கலக்காத கேள்விகளைக் கேட்கிறார்கள், அதன் பிறகே, "இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, சொல்லலாமா?" என்று அனுமதி பெற்றுக் கருத்துச் சொல்கிறார்கள். மூன்றாம் படிதான் கடினம். "ஏன் இவ்வளவு மெதுவா எடுத்தீங்க?" என்பது கேள்வி வடிவில் வந்த தீர்ப்பு. "இந்தக் காட்சியின் வேகத்தை எப்படி முடிவு செய்தீர்கள்?" என்பது கேள்வி. நண்பர்களுக்குள் இதை இரண்டு முறை பழகிவிட்டால், பேச்சின் தரம் கண்கூடாக உயர்வதைக் காணலாம்.

அவர்கள் சொன்னதன் பொருள் என்ன

நம் பார்வையாளர்களிடம் படத்தைப் பற்றிப் பேச ஒரு சில சொற்கள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டால் தவறான இடத்தில் கத்தரி வைப்போம்.

"கொஞ்சம் லேக்கா இருக்கு" என்பது மிகவும் பரவலாகக் கிடைக்கும் கருத்து. உடனே எல்லாக் காட்சிகளையும் நறுக்கத் தோன்றும். ஆனால் நீளத்தைப் பற்றிய குறை பெரும்பாலும் எதிர்பார்ப்பு இல்லாததைப் பற்றிய குறை. என்ன நடக்கப் போகிறது என்று அறிய விரும்பினால் மனிதர்கள் இரண்டு நிமிடம் அசையாத ஷாட்டையும் பார்ப்பார்கள்; எதற்காகப் பார்க்கிறோம் என்று தெரியாதபோது இருபது நொடியும் பாரம்தான். எனவே லேக் என்று சொல்லப்பட்ட இடத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் போய், அங்கே பார்வையாளர் கையில் ஒரு கேள்வியைக் கொடுத்திருக்கிறோமா என்று பாருங்கள். அதே கதைச் செய்தி இரண்டு முறை சொல்லப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். புதியவர்களின் படங்களில் பாத்திரம் ஒருமுறை முகத்தால் சொன்னதையே அடுத்த ஷாட்டில் வாயாலும் சொல்லும்.

"கனெக்ட் ஆகல" என்றால் பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்பது தெரியவில்லை என்று பொருள் கொண்டு தேடத் தொடங்கலாம். சில சமயம் இதைவிட எளிய காரணமும் இருக்கும்: முதல் இரண்டு நிமிடங்களில் அவருடைய கண்கள் தெரியும்படி ஒரு அண்மைக் காட்சிகூட இல்லாமல் இருக்கும்.

"லாஜிக் இடிக்குது" என்பவரிடம் எந்த லாஜிக் என்று பொறுமையாகக் கேளுங்கள். உண்மையான ஓட்டையாகவும் இருக்கலாம். ஆனால் படத்தில் மனம் ஒன்றியிருக்கும்போது யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கணக்குப் பார்க்கத் தொடங்கினார் என்றால் அதற்கு முன்பே மனம் வெளியே வந்துவிட்டது.

"நடிப்பு கொஞ்சம் டிராமா மாதிரி இருக்கு" என்பது நடிகரின் குறையாக மட்டும் இருப்பதில்லை. எழுத்துத் தமிழில் எழுதிய வசனத்தை வாய் மறுக்கும். அல்லது வசனம் முடிந்தும் ஷாட் முக்கால் நொடி நீண்டு, நடிகர் அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் முகம் திரையில் தங்கிவிடும். முதலாவதை டப்பிங்கில் ஓரளவு சரிசெய்யலாம், இரண்டாவதைப் பத்துப் பன்னிரண்டு ஃபிரேம்கள் (ஷாட்டை உருவாக்கும் தனித்தனிப் படங்கள்) வெட்டினால் போதும்.

"முடிவு சரியில்லை" என்பதைக் குறித்து என் அனுபவத்தையே சொல்கிறேன். அந்த மாடியில் ஐந்து பேரில் நான்கு பேர் அதைத்தான் எழுதியிருந்தார்கள். வேறொரு முடிவை எழுதி, கடையை மறுபடியும் ஓர் இரவுக்குக் கேட்டு வாங்கவும் ஏற்பாடு செய்துவிட்டேன். அப்போதுதான் ஒரு தாளில், கதையை மூன்று வரியில் எழுதச் சொன்ன இடத்தில், "கடைசியில் வறுமையால் சட்டையைத் திருடிக்கொண்டு போகிறான்" என்று எழுதியிருந்ததைக் கவனித்தேன். மற்ற தாள்களை எடுத்துப் பார்த்தால் இன்னும் இருவர் அப்படியே எழுதியிருந்தார்கள். என் கதையில் திருட்டே இல்லை. மூன்றாம் நிமிடத்தில் அவர் தன் மகனுக்காகக் கடையிலேயே ஒரு மீட்டர் துணியைக் கிழித்து எடுக்க, முதலாளி "உன் கணக்குல எழுதிக்கிறேன்" என்கிறார். அந்த வசனம் தையல் இயந்திரத்தின் மோட்டார் ஓசையில் மூழ்கிப்போயிருந்தது, துணி தெரியும் ஷாட்டும் இரண்டே நொடி. முடிவு சரியில்லை என்ற நோய்க்கு மருந்து மூன்றாம் நிமிடத்தில் இருந்தது. முதலாளியாக நடித்தவரை வரவழைத்து ஒரே வரியை டப்பிங் செய்தோம், துணி ஷாட்டை நான்கு நொடி நீட்டினோம், மோட்டார் ஓசையை அந்த இடத்தில் தாழ்த்தினோம். முடிவில் ஒரு ஃபிரேமையும் தொடவில்லை.

ஹாலிவுட் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் இதற்கு ஒரு மருத்துவ ஒப்புமை சொல்லியிருக்கிறார். முழங்கை வலிக்கிறது என்று வருபவரின் முழங்கையிலேயே கத்தி வைப்பவரும் உண்டு. அங்கங்கே அழுத்திப் பார்த்து, தோளில் நரம்பு நசுங்கியதால்தான் முழங்கை வலிக்கிறது என்று கண்டறிபவரும் உண்டு. பார்வையாளர் குறிப்பிடும் காட்சி முழங்கையாகவே இருக்கக்கூடும். வலி உண்மையானது, அதில் சந்தேகப்படாதீர்கள்; இடத்தை மட்டும் நீங்கள் தேடிக் கண்டுபிடியுங்கள்.

கேட்கும்போது விளக்கம் தராதீர்கள்

ஒருவர் "அவன் ஏன் சட்டையை எடுத்துட்டுப் போறான்?" என்று கேட்டவுடன், "இல்லண்ணே, அது அவன் காசு கொடுத்து வாங்கின துணி" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் அந்த அறையில் இருக்கும் அத்தனை பேரும் கதை தெரிந்தவர்கள் ஆகிவிடுவார்கள், அதன் பிறகு வரும் கருத்து எதுவும் படத்தைப் பற்றியதாக இராது. "நீங்க என்ன நினைச்சீங்க?" என்று திருப்பிக் கேட்டு, பதிலை எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் கடுமையாகப் பேசினாலும் நன்றி சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். அன்று இரவே எடிட்டைத் திறக்காதீர்கள். இரண்டு நாள் விட்டுத் தாள்களை மீண்டும் படித்தால், முதல் நாள் குத்தியது பலமுறை சரியான கருத்தாகத் தோன்றும்.

கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: படம் முடிந்தவுடன் நடுவர்கள் இயக்குநரின் முகத்துக்கு நேராக நிறைகுறைகளைச் சொல்வார்கள். கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் போன்றோர் அந்த மேடையில் நின்றுவிட்டுத்தான் திரையரங்குப் படங்களுக்குப் போனார்கள். வீட்டில் உட்கார்ந்து பார்த்த எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரு படத்தைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதற்கு அதுவே முதல் வகுப்பாக இருந்தது.

எதை ஏற்பது, எதை விடுவது

அமெரிக்க அனிமேஷன் நிறுவனமான பிக்சாரில் ஒரு படம் உருவாகும்போது மற்ற இயக்குநர்களும் எழுத்தாளர்களும் கூடி அதன் குறைகளை ஒளிவுமறைவின்றிப் பேசும் 'பிரைன்டிரஸ்ட்' என்ற கூட்டத்துக்கு ஒரு விதி உண்டு: அங்கே சொல்லப்படும் எதையும் இயக்குநர் ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் மாடிக் கூட்டத்துக்கும் இதே விதியை வைத்துக்கொள்ளுங்கள். பார்வையாளர் ஒரு பிரச்சினையைச் சொன்னால் கவனமாகக் கேளுங்கள். அதற்கான தீர்வைச் சொன்னால், எந்தப் பிரச்சினையைத் தீர்க்க அவர் அதைச் சொல்கிறார் என்று யோசியுங்கள். "கடைசியில அவன் பொண்டாட்டி வந்து அழுற மாதிரி வெச்சிருக்கலாம்" என்று ஒருவர் சொன்னார். அவர் கேட்டது மனைவியை அல்ல. அந்தச் சட்டை யாருக்கு என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை அவர் கேட்டார்.

உங்கள் படத்தை வேறு படமாக மாற்றச் சொல்லும் கருத்தை நன்றியோடு விட்டுவிடலாம். மௌனமான கதையில் சண்டை வேண்டும் என்பவருக்கு அந்தக் கதை உரியதல்ல, அவ்வளவுதான். ஒரே ஒருவர் மட்டும் சொன்ன கருத்து உங்கள் மனத்தில் ஏற்கெனவே இருந்த சந்தேகத்தோடு பொருந்தினால், அது ஒருவரின் கருத்து என்று தள்ளாதீர்கள். அதில் உங்களையும் சேர்த்து இரண்டு பேர் இருக்கிறீர்கள்.

ஏற்றவற்றைச் செலவு வரிசையில் அடுக்குங்கள். வெட்டினாலே தீருமா, ஷாட்டுகளின் வரிசையை மாற்றினால் தீருமா, ஒலியாலோ ஒரு வரி டப்பிங்காலோ தீருமா, ஒரு கையையோ ஒரு பொருளையோ தனியாக எடுத்துச் சொருகினால் தீருமா என்று பார்த்துவிட்டு, இவை எவற்றாலும் ஆகாது என்ற நிலையில் மட்டும் மறுபடப்பிடிப்பைப் பற்றிப் பேசுங்கள். நான் பார்த்த அளவில் முதல் மூன்றிலேயே பெரும்பாலானவை முடிந்துவிடுகின்றன.

இரண்டு எளிய சோதனைகளை நீங்களே செய்துகொள்ளலாம். ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை ஓடவிடுங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேளுங்கள். முதலாவதில் கதையின் எலும்பு தெரியும், இரண்டாவதில் நீங்கள் பழகிப்போனதால் கவனிக்காத காக்கைக் குரலும் ஹாரன் சத்தமும் தெரியும்.

விழாக்களும் வெளியூர்ப் பார்வையாளர்களும்

விழாக்களுக்கு அனுப்புவதைக் கருத்துப் பெறும் வழியாக நினைக்க வேண்டாம். பெரும்பாலான விழாக்கள் தேர்வாகவில்லை என்ற ஒரு வரியோடு முடித்துக்கொள்ளும், அந்த வரியில் உங்கள் படத்தைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை. விழாக்களுக்குப் படம் அனுப்ப உதவும் ஃபிலிம்ஃப்ரீவே இணையதளம் வழியாக ஒவ்வொன்றுக்கும் கட்டணம் கட்டிக்கொண்டே போனால் அடுத்த படத்தின் காசு கரைந்துவிடும். திருவனந்தபுரத்தில் கேரள மாநில சலச்சித்ர அகாதமி நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழாவுக்கோ, 1990 முதல் நடந்துவரும் மும்பை பன்னாட்டுத் திரைப்பட விழாவுக்கோ ஒருமுறை பார்வையாளராகப் போய் வாருங்கள் என்பதே என் ஆலோசனை. உங்கள் படம் எந்த வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்பது இரண்டு நாளில் விளங்கிவிடும். அனுப்புவதற்கு முன், தமிழ் தெரியாத ஒருவரிடம் ஆங்கில வசன வரிகளோடு காட்டி, படித்து முடிப்பதற்குள் வரி மறைந்துவிடுகிறதா என்று மட்டும் கேளுங்கள்.

படத்தைப் பொதுவில் வெளியிட்ட பிறகு யூடியூப் காட்டும் வரைபடத்தில் எந்த நொடியில் எத்தனை சதவீதம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது தெரியும். போதிய பார்வைகள் சேராத படத்தில் அதை நம்பிப் பயனில்லை. சேர்ந்திருந்தால், கோடு சட்டென்று விழும் இடங்களை உங்கள் நோட்டில் குறித்த நேரங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த படத்துக்கு அது உதவும்.

எப்போது நிறுத்துவது

மூன்று சுற்றுக்கு மேல் போகாதீர்கள். புதிய பார்வையாளர்கள் சொல்லும் கதையும் நீங்கள் எழுதிய கதையும் ஒன்றாகிவிட்டால், மிஞ்சியிருப்பவை ரசனை வேறுபாடுகள். அப்போது பிக்சர் லாக் செய்துவிட்டு, அதாவது இனிக் காட்சிகளை வெட்டுவதில்லை, மாற்றுவதில்லை என்று தொகுப்பை முடித்துவிட்டு, இசைக்கும் வண்ணத்துக்கும் போகலாம். கருத்துச் சொன்ன எல்லோருக்கும், அவர்கள் சொன்னதால் எது மாறியது என்பதை ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். படத்தின் நன்றிப் பட்டியலில் அவர்கள் பெயரும் இருக்கட்டும்.

எங்கள் மூன்றாம் திரையிடலுக்கு அதே மாடியில் ஐந்து புதியவர்கள் வந்திருந்தார்கள். தாள்களில் திருட்டு என்ற சொல் எங்கும் இல்லை. பேச்சு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா படியில் நின்று திரும்பி, "ஏம்ப்பா, அளவே எடுக்காம தைச்சானே, அந்தச் சட்டை அவன் பையனுக்குச் சரியா இருந்துச்சா?" என்று கேட்டார். அன்று இரவு படத்தை லாக் செய்தேன்.